கரண்ட் திரும்பி வந்த பிறகு

கரண்ட் போகிறது. சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. லேசர் பிரிண்டர் மட்டும் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிடுகிறது. இப்போது அந்தப் பாதிப் பக்கம் என்ன ஆக வேண்டும்? முதலிலிருந்து மறுபடி அச்சாக வேண்டுமா? அதை விட்டுவிட்டு அடுத்தவருடையதைத் தொடங்க வேண்டுமா? யாராவது வந்து பார்க்கிறவரை எல்லாமே காத்திருக்க வேண்டுமா? லினக்ஸில் பிரிண்ட் சர்வர் அமைத்துக் கொடுக்கும் வேலையில் எனக்கு முதல் கேள்வி இதுதான். பிரிண்டரைச் சேர்ப்பது, ஐபி முகவரி கொடுப்பது, டெஸ்ட் பேஜ் எடுப்பது இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

கோவை, திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் மில், மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் என்று நடுத்தர அளவு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம் தொழில் செய்கிற யாருக்கும் 2012ஆம் ஆண்டு மறக்காது. நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டர் உள்ள இடங்களில்கூட அது ஓடத் தொடங்குவதற்குள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். சர்வரையும் கம்ப்யூட்டர்களையும் யுபிஎஸ் காப்பாற்றும். லேசர் பிரிண்டரை யாரும் அதில் மாட்டுவதில்லை, மாட்டவும் கூடாது. டோனர் தூளைத் தாளில் உருக்கிப் பதிக்கும் ஃபியூசர், சூடேறும் நேரத்தில் கரண்ட்டை மொத்தமாக இழுக்கும். சின்ன யுபிஎஸ் அந்தச் சுமையிலேயே ட்ரிப் ஆகிவிடும். ஆகவே நம் ஊர் அலுவலகங்களில் சர்வர் விழித்திருக்கும்போது பிரிண்டர் செத்துப்போவது அன்றாட நிலைமை. பிரிண்ட் சர்வரின் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் இந்த நிலைமையை முன்னால் வைத்துத்தான் நான் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியிட்டார். அதற்கு முன் யூனிக்ஸ் உலகத்தில் எல்பிடி என்ற பழைய நெறிமுறைதான் பெரிதும் புழங்கியது, போர்ட் 515. ஜாப் (அச்சுக்கு அனுப்பிய ஒரு வேலை) போய்ச் சேர்ந்ததா, தாள் தீர்ந்துவிட்டதா என்று பிரிண்டரோடு விவரமாகப் பேச அதில் வழி குறைவு. கப்ஸ் ஐபிபி நெறிமுறையை அடித்தளமாக எடுத்துக்கொண்டது, போர்ட் 631. ஆப்பிள் 2002இல் தன் மேக் இயங்குதளத்தில் கப்ஸைச் சேர்த்தது, 2007இல் அதை வாங்கிவிட்டது. ஸ்வீட் 2019 இறுதியில் ஆப்பிளை விட்டு விலகினார். அதன்பின் லினக்ஸுக்கான வளர்ச்சி ஓபன்பிரிண்டிங் குழுவின் கைக்கு வந்தது. இன்று நான் அமைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள் வெளியிடும் 2.4 வரிசை.

கப்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில் எரர் பாலிசி என்று ஒரு வரி போடலாம். பிரிண்டரோடு நேரடியாகப் பேசும் சின்ன நிரலுக்குப் பேக்எண்ட் என்று பெயர். ஒரு ஜாப் போய்க்கொண்டிருக்கும்போது அது தோல்வி என்று கைவிரித்தால் அடுத்து என்ன செய்வது என்பதை அந்த வரி தீர்மானிக்கும். நான்கு வழிகள் உண்டு. ஸ்டாப் பிரிண்டர் என்றால் ஜாபுகள் காத்திருக்கும் வரிசையான க்யூவையே நிறுத்திவிட்டு ஜாபைப் பத்திரமாக வைத்திருக்கும். அபார்ட் ஜாப் என்றால் அந்த ஜாபைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும். ரீட்ரை ஜாப் என்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். இடையில் மற்றவர்களுடையது போகலாம். ரீட்ரை கரண்ட் ஜாப் என்றால் அதே ஜாபையே பிடித்துக்கொண்டு முயலும், பின்னால் நிற்பவை நிற்க வேண்டியதுதான். எதுவும் சொல்லாமல் விட்டால் கப்ஸ் எடுத்துக்கொள்வது முதல் வழியை. அதனால்தான் பல அலுவலகங்களில் கரண்ட் வந்த பிறகும் பிரிண்டர் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. பச்சை விளக்கு எரியும், தாள் இருக்கும், ஆனால் க்யூ நிறுத்தத்தில் இருக்கும். ஆளாளுக்கு மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்பார்கள். யாரோ ஒருவர் க்யூவைத் திறந்துவிட்டதும் ஒரே கடிதம் ஏழெட்டுப் பிரதியாக வந்து விழும்.

இந்த வரியை எப்படி எழுதுவது என்று கப்ஸின் கையேடு சொல்லும். எதை எழுதுவது என்று சொல்லாது. அதை எனக்குச் சொன்னவர்கள் வேறு ஆட்கள்.

ஒரு நூற்பு மில்லின் கேட் அலுவலகம். லாரி வெளியே போக கேட் பாஸ் வேண்டும். அது முன்கூட்டியே அச்சடித்து நம்பர் போட்ட கம்ப்யூட்டர் பேப்பரில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வரும். லாரி காத்திருக்குமே, கரண்ட் வந்ததும் தானாக மறுபடி அடிக்கட்டும் என்று வைத்துவிடலாமா என்று அங்கிருந்த ஸ்டோர் கீப்பரைக் கேட்டேன். பெரியவர், சர்வீஸ் முழுவதும் அந்த ஸ்டோரிலேயே கழித்தவர்.

“வேண்டாமுங்க தம்பி. பாதி அடிச்ச ஃபாரத்துல ஒரு நம்பர் போச்சு. அதுவா மறுபடி அடிச்சா அடுத்த நம்பரும் போயிரும். ஒரே சரக்குக்கு ரெண்டு நம்பர். ஆடிட்டர் கேட்டா நான் என்னங்க சொல்றது?”

“நிறுத்தி வெச்சுட்டா லாரி நிக்குமுங்களேண்ணா?”

“நிக்கட்டுமுங்க. அஞ்சு நிமிசம் நின்னா ஒண்ணும் ஆவாது. நம்பர் தப்புனா வருசம் பூரா பதில் சொல்லோணும்.”

அந்தப் பிரிண்டருக்கு ஸ்டாப் பிரிண்டரே சரி என்று ஆனது. யாராவது வந்து பாதியில் நின்ற ஃபாரத்தைக் கிழித்து, ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் வைத்து, அடுத்த நம்பரைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்த பிறகே க்யூ திறக்க வேண்டும். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய முடியாது. அவர் செய்யும்வரை காத்திருக்க அதற்குத் தெரிந்தால் போதும்.

அதே மில்லின் சம்பளப் பிரிவில் கதை நேர்மாறு. பிரிவு வாரியாக, டோக்கன் நம்பர் வரிசையில் சம்பளச் சீட்டு அடிக்கிறார்கள். ஒரு பிரிவு நடுவில் நின்று, அடுத்த பிரிவு முந்திக்கொண்டு வந்துவிட்டால், கட்டுக்கட்டாகப் பிரித்து அடுக்கும் வேலை இரட்டிப்பாகும். அங்கே ரீட்ரை கரண்ட் ஜாப். எத்தனை முறை கரண்ட் போனாலும் வரிசை கலையாது. இரண்டு பிரதி வந்தால் ஒன்றைக் கிழித்துப் போடலாம். வெறும் வெள்ளைத் தாள்தானே.

மருத்துவமனை ஒன்றின் மருந்துக் கவுன்ட்டரில் மூன்றாவது விதம். அங்கே பில் போடும் பெண், “பழைய பில்லு லேட்டா வந்துச்சுன்னா அப்ப முன்னாடி நிக்கிற ஆளு கையில போயிருமுங்க சார். அவசரத்துல யாரு பேரைப் பாக்கறாங்க?” என்றார். பில்லில் மருந்துப் பெயரும் அளவும் இருக்கும். மாறிப்போனால் அது வெறும் கணக்குத் தப்பு அல்ல. அங்கே அபார்ட் ஜாப். நின்றது நின்றதுதான், வேண்டுமென்றால் பில் போடுகிறவரே திரும்பக் கொடுத்துக்கொள்வார்.

ஒரே மென்பொருள், ஒரே வரி, மூன்று வேறு பதில்கள். மூன்றும் சரி. கப்ஸ் இதைப் பிரிண்டர் வாரியாகத் தனித்தனியே வைக்க விடுகிறது. எல்பிஅட்மின் கட்டளையில் ஒரு விருப்பமாகக் கொடுத்தால் போதும். எல்லாப் பிரிண்டருக்கும் ஒரே பாலிசியை ஒட்டிவிட்டுக் கிளம்புகிற வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எங்களிடம் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்: பிரிண்டரைத் தொடுவதற்கு முன், அதிலிருந்து வரும் தாளை யார் கையில் வாங்குகிறார், வாங்கி எங்கே கொண்டுபோகிறார் என்று பார்த்துவிட்டு வா.

க்யூ நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பது உடனே எழும். வழக்கமான அமைப்பில் நிறுத்தவும் திறக்கவும் நிர்வாகிக் குழுவில் உள்ளவர்களால்தான் முடியும். அந்த ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு தடவையும் எனக்கோ ஐடி பையனுக்கோ போன் போட வேண்டும் என்றால் லாரி ஐந்து நிமிடமா நிற்கும்? கப்ஸின் கோப்பில் பாலிசி என்ற தொகுதிக்குள் ஒவ்வொரு செயலுக்கும் யார் யார் என்று பிரித்து எழுதலாம். கேட் பிரிண்டருக்கென்று தனிப் பாலிசி ஒன்றை எழுதி, நிறுத்துவது, திறப்பது, ஜாபை ரத்து செய்வது ஆகியவற்றை மட்டும் ஸ்டோர் குழுவுக்குக் கொடுத்தேன். பிரிண்டரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர்களுக்குத் தேவையில்லை, கொடுக்கவும் இல்லை. பிரவுசரில் 631 போர்ட் பக்கத்தைப் புக்மார்க் செய்து, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். ஆங்கிலப் பக்கம்தான், ஆனாலும் ஒரு வாரத்தில் பெரியவர் என்னைவிட வேகமாக அழுத்தினார். கேட் பாஸ் ரத்துக் கோப்பையும் அவரே தனியாகப் போட்டு வைத்துக்கொண்டார்.

இந்தப் பாலிசி தொகுதிகளை எழுதும்போது ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சர்வர் எழுந்திருக்காது. கோப்பை மாற்றியதும் கப்ஸ்டி கட்டளையைச் சோதனை விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகே சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பிரிண்டர்களின் பட்டியல் இருக்கும் கோப்பை மட்டும் சர்வர் ஓடும்போது கையால் தொடவே கூடாது. நாம் எழுதியதன் மேல் சர்வர் தன் நினைவில் உள்ளதை எழுதிவிடும். கோப்பின் தலைப்பிலேயே அந்த எச்சரிக்கை உண்டு.

மின்வெட்டின் இன்னொரு முகம் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் நிரல். எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களை விலையைக் குறைக்க வேண்டி ஃபர்ம்வேர் உள்ளே நிரந்தரமாகத் தங்காதபடி வடிவமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டர்தான் அதைப் பிரிண்டருக்குள் ஏற்ற வேண்டும். லினக்ஸில் யுதேவ் விதி ஒன்று, யுஎஸ்பியில் அந்தப் பிரிண்டர் தலைகாட்டியதும் ஃபர்ம்வேர் கோப்பை அனுப்பும். இதில் நேரக் கணக்கு முக்கியம். ஃபர்ம்வேர் ஏறுவதற்குள் க்யூவில் இருக்கும் ஜாப் போய் முட்டினால் பிரிண்டருக்கு அதைப் புரிந்துகொள்ள வழியில்லை. கப்ஸ் மறுபடி முயலும் இடைவெளி சாதாரணமாக 30 விநாடி. இந்த வகைப் பிரிண்டர் உள்ள இடத்தில் நான் அதை இரட்டிப்பாக்கிவிடுவேன். அந்தக் கூடுதல் அரை நிமிடத்தில் பிரிண்டர் தன்னைத் திரட்டிக்கொள்ளும்.

டாட் மேட்ரிக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது பழசு என்று ஒதுக்குகிறவர்கள், ஒரே அடியில் மூன்று கார்பன் பிரதி எடுக்க வேறு என்ன வழி என்று சொல்லட்டும். ஒரு அலுவலகத்தில், “முதல் பில்லு சரியா வருது, போகப்போக மேல ஏறுது” என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலக் கம்ப்யூட்டர் பேப்பர். முதல் ஃபாரத்தில் கம்பெனிப் பெயர் அதன் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் பெயர் ஒரு அங்குலம் மேலே போய், முந்தின ஃபாரத்தின் கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தது. நாலாவது ஃபாரத்தில் மூன்று அங்குலம். கிழிக்கும் துளை வரிசை, தொகை எழுதிய வரியை நடுவில் வெட்டிக்கொண்டு போனது. ஆபரேட்டர் ஒவ்வொரு பில்லுக்கும் பிரிண்டரை ஆஃப்லைனில் போட்டு, குமிழியைத் திருகித் தாளை ஒரு அங்குலம் நகர்த்திக்கொண்டிருந்தார். விரல் நுனி கறுத்திருந்தது.

காரணம் எளிது. க்யூவில் ஒரு டிரைவரைப் போட்டு, தாள் அளவு லெட்டர் என்று விட்டிருந்தார்கள். லெட்டர் 11 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி என்றால் 66 வரி. கையில் இருக்கும் தாளோ 12 அங்குலம், 72 வரி. ஃபாரம் முடிந்ததென்று பிரிண்டர் 11 அங்குலத்திலேயே நின்றுவிடுகிறது. அமெரிக்கத் தாள் அளவு நம் மேசையில் வந்து உட்கார்ந்துகொள்வது டாட் மேட்ரிக்ஸில் மட்டும் நடப்பதில்லை. லேசர் பிரிண்டரிலும் ஏ4க்குப் பதில் லெட்டர் இருந்தால், ட்ரே நிறையத் தாள் வைத்துக்கொண்டே தாள் கேட்டு நிற்கும். ஒரு புது சர்வரில் நான் முதலில் மாற்றுவது சிஸ்டம் முழுமைக்குமான தாள் அளவைத்தான். டாட் மேட்ரிக்ஸுக்கு அதுவும் போதாது. பில் போடும் நிரல் வெறும் எழுத்தை அனுப்புகிறது. நடுவில் எந்த டிரைவரும் அதைப் பக்கமாக மாற்றிப் படமாக வரையத் தேவையில்லை. ஆகவே ரா க்யூ. வந்ததை வந்தபடி பிரிண்டருக்குக் கொடுத்துவிடும். பக்க நீளத்தை நிரலே ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் சொல்லட்டும்: எஸ்கேப், சி, பிறகு 72 என்ற எண். மூன்றே பைட். அன்று சாயங்காலம் இருநூறு ஃபாரம் ஒரே மூச்சில் ஓடியது. கடைசி ஃபாரத்தில் கம்பெனிப் பெயர் முதல் ஃபாரத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தது. ஆபரேட்டர் குமிழியைத் தொடவில்லை.

தமிழ் அச்சு தனிப் பாடம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்களுக்குக் கடன் நினைவூட்டுக் கடிதம் போக வேண்டும். அவர்களுடைய நிரல் யூனிகோடில் வெறும் டெக்ஸ்ட் கோப்பாகக் கொடுக்கும். அதை அப்படியே லேசர் பிரிண்டருக்கு அனுப்புவார்கள். வந்த தாளில் ‘கடன்’ படிக்க முடிந்தது. ‘கெடு தேதி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் க என்ற எழுத்து முன்னால், அதன் ஒற்றைக்கொம்பு பின்னால். த முன்னால், இரட்டைக்கொம்பு பின்னால். யூனிகோடில் உயிர்மெய்யின் குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை எடுத்து முன்னால் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் இன்ஜினின் வேலை. கப்ஸோடு வரும் டெக்ஸ்ட் ஃபில்டர் அந்த வேலையைச் செய்வதில்லை. குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். எழுத்துரு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

ஆங்கில எழுத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது என்பதால் இதை ஆங்கிலக் கையேடுகள் பேசுவதில்லை. தீர்வு இருக்கிறது. பாங்கோ என்ற எழுத்து இன்ஜினைப் பயன்படுத்தும் பாப்ஸ் என்ற சின்ன நிரல், டெக்ஸ்ட்டை முறையாக வடிவமைத்துப் பக்கமாக்கிக் கொடுக்கும். ஃபெடோராவில் ஒரு காலத்தில் கப்ஸின் டெக்ஸ்ட் ஃபில்டராகவே அதை வைத்திருந்தார்கள். சங்கத்தின் நிரலிலிருந்து வரும் கோப்பை முதலில் பாப்ஸ் வழியாக விட்டு, லோஹித் தமிழ் எழுத்துருவில் பக்கமாக்கி, பிறகு க்யூவில் போடும்படி அமைத்தேன். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. கடன் வாங்கிய விவசாயி ஒருவர் தன் கெடு தேதியைத் தன் மொழியில் பிழையில்லாமல் படிக்க வேண்டும் என்பதைவிட ஒரு பிரிண்ட் சர்வருக்கு மேலான கடமை எனக்குத் தெரியவில்லை. அலுவலக மென்பொருள்களில் அடித்த கடிதம் சரியாக வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அங்கே லிப்ரே ஆபீஸ் எழுத்தை முன்பே வடிவமைத்துப் பிடிஎஃப்பாக அனுப்பிவிடுகிறது. டெக்ஸ்ட்டாகப் போகும் இடங்களில்தான் கவனம் வேண்டும். அந்த இடங்கள் பெரும்பாலும் சாமானியர் கைக்குப் போகும் ரசீதுகளும் நோட்டீஸ்களும்தான்.

அடுத்தது, அச்சடித்து முடித்த பிறகு மிச்சமிருப்பது. கப்ஸ் ஒரு ஜாபை அச்சடித்ததும் அதன் கோப்பை உடனே அழித்துவிடுவதில்லை. வேறு எதுவும் சொல்லாவிட்டால் 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், தன் ஸ்பூல் அடைவில் வைத்திருக்கும். தாள் சிக்கிக்கொண்டால் மறுபடி அனுப்பத் தேவையில்லாமல் ஒரு பட்டனில் திரும்ப எடுக்கலாம். நல்ல வசதி. ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இதே வசதியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாளைக்கு நடக்கப்போகும் தேர்வின் வினாத்தாள், அலுவலகப் பிரிண்ட்டெல்லாம் போகும் அதே சர்வரில், திரும்ப எடுக்கும் பட்டனோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும்.

மற்றவர்களுடைய ஜாபின் பெயர், அனுப்பியவர் யார் என்பதையெல்லாம் கப்ஸ் சாதாரணமாக மறைத்துத்தான் காட்டும். உரிமையாளருக்கும் நிர்வாகிக்கும் மட்டும் தெரியும். ஆனால் நம் அலுவலகங்களில் பத்துப் பேர் ஒரே லாகின் பெயரில் வேலை செய்கிறார்கள். ‘ஆபீஸ்’ என்று ஒரு பெயர், சுவரில் ஒட்டிய ஒரு பாஸ்வேர்டு. கப்ஸின் கண்ணில் அந்தப் பத்துப் பேரும் ஒரே உரிமையாளர். ஒருவர் அனுப்பியதன் தலைப்பை எல்லாரும் பார்க்கலாம், ரத்து செய்யலாம். மென்பொருளில் எவ்வளவு நல்ல பூட்டு இருந்தாலும் சாவியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் முடிந்தது. அந்தக் கல்லூரியில் முதல் வேலையாக ஆளுக்கொரு லாகின் போடச் சொன்னேன். ஒரு மாதம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

கோப்பை வைத்திருக்கும் கால அளவைப் பிரிண்டர் வாரியாகப் பிரிக்க முடியாது. சர்வர் முழுமைக்கும் ஒன்றுதான். அலுவலகத்துக்கு அந்த வசதி வேண்டும், தேர்வுப் பிரிவுக்கு வேண்டாம். எனவே தேர்வுப் பிரிவின் அறைக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தனி பிரிண்ட் சர்வராக வைத்தோம். டிஸ்க் முழுதும் என்க்ரிப்ட் செய்தது. அச்சானதும் கோப்பு அழியும், நெட்வொர்க்கில் தன்னை அறிவிக்காது, அந்த அறையின் முகவரிகளைத் தவிர வேறு எங்கிருந்தும் ஜாப் வாங்காது. தேர்வு அலுவலர் எல்லா அமைப்பையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், தாள் சிக்கிப் பாதி அச்சான பக்கங்களை என்ன செய்வது என்று கேட்டார். அதற்குக் கப்ஸில் செட்டிங் இல்லை. தாள் கிழிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கச் சொன்னேன், வாங்கினார்கள்.

யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்ற கணக்கைப் பற்றியும் பல நிர்வாகங்கள் கேட்கும். பக்கப் பதிவேட்டின் (பேஜ் லாக்) வடிவத்தை நாமே எழுதிக் கொடுத்தால் கப்ஸ் கணக்கு வைக்கும். ஆளுக்கு இத்தனை பக்கம் என்று வரம்பும் போடலாம். டோனர் எப்போது வாங்குவது என்று திட்டமிடப் பிரிவு வாரியாகக் கணக்கு எடுப்பதை நான் ஆதரிக்கிறேன். ஆள் வாரியாகப் பட்டியல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு அமைத்துத் தர மறுத்திருக்கிறேன். ரா க்யூவில் போகும் ஜாபுகளில் பக்கக் கணக்கே சரியாக வராது. அதை வைத்து ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

2024 செப்டம்பரில் சிமோனே மார்கரித்தெல்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கப்ஸைச் சுற்றியிருந்த ஓட்டைகளை வெளியிட்டார். நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டர்களைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் கப்ஸ்-பிரௌஸ்ட் என்ற துணைச் சேவை, யுடிபி 631 போர்ட்டில் யார் என்ன சொன்னாலும் நம்பிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒருவர் பொய்ப் பிரிண்டர் ஒன்றை அதற்கு அறிமுகப்படுத்தி, யாராவது அதில் அச்சடிக்கும்போது தன் கட்டளையை ஓட்டிவிட முடியும். செய்தி வந்த அன்றே, அந்தச் சேவை ஓடிய இடங்களில் அதை நிறுத்தினோம். பெரும்பாலான இடங்களில் நிறுத்தும் தேவையே எழவில்லை. பிரிண்டர்களைப் பெயர் சொல்லி நாமே சேர்த்து, உள் நெட்வொர்க் முகவரியில் மட்டும் சர்வரைக் கேட்க வைத்து, எந்த முகவரிகளுக்கு அனுமதி என்று கோப்பில் வரி வரியாக எழுதுவதுதான் எங்கள் வழக்கம். கொஞ்சம் கூடுதல் வேலை. எந்தப் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரிந்திருப்பதால் வரும் நிம்மதிக்கு அந்த வேலை தகும்.

இப்போது அடுத்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. கப்ஸ் 3 வரிசையில் பழைய டிரைவர் முறையும், பிரிண்டரின் திறமைகளை விவரிக்கும் பிபிடி கோப்புகளும், ரா க்யூவும் போகின்றன. பிரிண்டர் தானே தன் திறமைகளை ஐபிபி வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத பழைய பிரிண்டருக்கு, பிரிண்டர் அப்ளிகேஷன் என்று ஒரு சின்ன நிரல் நடுவில் நின்று அதன் சார்பில் பேசும். புதிய லேசர்களுக்கு இது பெரிய விடுதலை. மாடலுக்கு மாடல் டிரைவர் தேடி அலைந்த காலம் போய்விட்டது. டிரைவர் கேட்கும் இடத்தில் ‘எவ்ரிவேர்’ என்று கொடுத்தால் தாள் அளவு, இரு பக்க அச்சு எல்லாம் தானாக வந்து நிற்கிறது. இதை மனதார வரவேற்கிறேன்.

மில்லின் சம்பளப் பிரிவில் புது லேசர் வாங்கியிருக்கிறார்கள். அதை அந்த முறையில் அமைத்தாயிற்று. ரீட்ரை கரண்ட் ஜாப் அப்படியே தொடர்கிறது, ஏனென்றால் டோக்கன் வரிசை அப்படியே இருக்கிறது. கேட் அலுவலகத்தில் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த பெண்ணிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். ஃபாரத்தில் இன்னும் நம்பர் அச்சடித்துத்தான் வருகிறது, அதனால் நிற்கட்டும் என்றார். அந்த டாட் மேட்ரிக்ஸுக்குப் பிரிண்டர் அப்ளிகேஷன் ஒன்றைச் சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 72 வரியும் கார்பன் பிரதியும் நம்பர் வரிசையும் தப்பாமல் வரும்வரை கேட்டில் 2.4 தான் ஓடும்.